உன் அம்மாவின் பணத்தை என்னிடம் கொடுக்காதே

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசியபோது நான் "ம்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். எடுத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். கெலாங் பாத்தா வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டே நீ பேசினாய், தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. "பா, அம்மாவுக்கு அம்பத்தஞ்சு முடிஞ்சிருச்சு. சேமநிதியிலேர்ந்து எல்லாத்தையும் எடுத்து உங்க கையில குடுக்கச் சொல்லிட்டேன். மார்க்கெட் விழுந்து கெடக்கு, இப்ப போட்டா மலிவு லா. போன தடவ நீங்கதான அசையாம நின்னு காட்டினீங்க. என்னோடதும் கொஞ்சம் அனுப்புறேன், சேர்த்தே போட்டுருங்க." அசையாமல் நின்று காட்டினவன். அன்று மதியம் உன் அம்மா வைத்த மீன் குழம்பில் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

வாயால் சொன்னால் நடுவில் நீ ஏதாவது ஆறுதல் சொல்வாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

முதலில் உன் அம்மாவின் பணம் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன், நீ அதை "எல்லாத்தையும்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாய். குளுவாங் மின்னணுத் தொழிற்சாலையில் அவள் இருபத்தெட்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தாள். விடியுமுன் ஃபேக்டரி பஸ் ஏறி, பன்னிரண்டு மணி நேரம் அந்தக் குளிர் அறையில் முகமூடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத கம்பிகளைப் பார்த்துப் பார்த்துப் பிரித்துவைத்த வேலை. நீ வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதம் வரை போனாள். வீட்டுக்கு வந்ததும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு கணுக்காலை அமுக்கிப் பார்ப்பாள், விரல் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கும். ஒவ்வொரு மாதமும் அவள் சம்பளத்தில் பிடித்த பணமும் முதலாளி போட்ட பணமும் சேர்ந்ததுதான் இன்று சேமநிதியில் இருக்கிறது. அதை எடுக்கும் படிவம் ஒரு வாரமாக நம் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. நான் நிரப்ப வேண்டும் என்று காத்திருக்கிறது. இந்த வீட்டில் எந்தப் படிவத்தையும் நான்தானே நிரப்புவேன்.

நம் வீட்டில் மட்டுமா? லாயாங் லாயாங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் நான் கணக்கெழுதும் ஸ்டோர் கிராணியாக இருந்த காலம் முழுக்க, அந்தத் தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். பிறந்த சான்றிதழ், பள்ளி மனு, மருத்துவமனைச் சீட்டு, சேமநிதிப் படிவம் எல்லாமே. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். கிராணி எங்கே கைவைத்துக் காட்டுகிறானோ அங்கே பெருவிரலை உருட்டிவிட்டுப் போவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் கிராணியை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். அந்த மரியாதையை நான் கூச்சமில்லாமல் அனுபவித்தேன். ஸ்டோரில் ஒரு ஆணி வேண்டும் என்றாலும் கையெழுத்து இல்லாமல் எடுத்துக் கொடுத்ததில்லை. சீட்டு எங்கே என்று மேனேஜரையே வாசலில் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் என்னிடம் மட்டும் ஒருவரும் சீட்டுக் கேட்டதில்லை.

எனக்கு ஐம்பத்தைந்து முடிந்த வருடம் அந்த ஏஜெண்ட் வந்தான். நம் கோயில் தலைவரின் மருமகன். கழுத்துப் பட்டை, காலில் பளபளக்கும் சப்பாத்து, கையில் ஒரு தட்டைக் கணினி. சேமநிதி தரும் லாப ஈவெல்லாம் கிழவர்களுக்குத்தான், பங்குகளில் முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்டில் போட்டால் பணம் தானாக வளரும் என்று மேலே ஏறும் கோட்டைக் காட்டினான். போட்ட அன்றே நூற்றுக்கு ஐந்து அவர்களுக்குக் கூலியாகப் போகும் என்று அவன் சொன்னதும் என் காதில் விழுந்தது. சில்லறை விஷயம் என்று தலையாட்டினேன். முழுப் பணத்தையும் எடுத்துப் போட்டேன். அதோடு விட்டேனா? வெள்ளிக்கிழமை கோயிலில் பெருமையாகச் சொன்னேன். அடுத்த மாதமே நான்கு பேர் தங்கள் பணத்தோடு நம் வீட்டுக்கு வந்தார்கள். பாய்லரில் வேலை பார்த்த இரண்டு பேர், ஒரு லோரி ஓட்டுநர், அப்புறம் அஞ்சலை அக்கா. நீ சின்ன வயதில் அவர் வீட்டுப் பலகாரத்துக்காகவே தீபாவளிக்குக் காத்திருப்பாய். கணவர் செத்த பிறகு தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். "நீங்க போட்டிருக்கீங்கல்ல கிராணி? அப்ப சரி" என்றார். நான்கு படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். ஏஜெண்ட் எனக்கு ஒரு பழக்கூடை அனுப்பினான். அதில் இருந்த ஆப்பிளை நீயும் தின்றாய்.

பிறகு அந்த நோய்க்காலம் வந்தது. வீட்டைவிட்டு யாரும் வெளியே போகக்கூடாது என்று ஆணை போட்ட வாரம், பங்குச்சந்தை தலைகுப்புற விழுந்தது. உனக்கு நினைவிருக்கும், நீ சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டு பாலம் தாண்டி இங்கே வர முடியாமல் இருந்தாய். நான் இங்கே கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு எண்களைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்திருக்கும். மூன்றாம் நாள் காலையில், பசியாறுவதற்கு முன்பே, விற்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் படம் பிடித்து ஏஜெண்டுக்கு அனுப்பிவிட்டேன். எல்லாவற்றையும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தது. அனுப்பிய பிறகு ஒரு நிம்மதி வந்தது பார், அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

ஏனென்றால் அன்று மதியமே நான் கோயில் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். நான்கு பேரும் மாறி மாறி அழைத்துக்கொண்டிருந்தார்கள், தனித்தனியாகப் பேசப் பயமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கிராணிக் குரலில் பேசினேன். "யாரும் பயப்படாதீங்க. யாரும் விக்காதீங்க. இதெல்லாம் ஏறும், எறங்கும். நான் விக்கல. நானும் உங்களோடதான் இருக்கேன்." விற்றுவிட்டு அதைச் சொன்னேன், தம்பி. ஏன் சொன்னேன் என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நட்டத்தில் விற்றால் என் வாசலில் வந்து நிற்பார்கள். விற்காமல் இருந்தால் நட்டம் தாளில் மட்டும் இருக்கும், யாரும் வரமாட்டார்கள். முதலில் ஓடினவன் நான் என்பதும் தெரியாது. அவர்கள் நன்மையைப் பற்றி அரை நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. கீழே எல்லோரும் கைகூப்பிப் படம் போட்டிருந்தார்கள். ஏஜெண்ட் ஒரு சிங்கத்தின் படம் போட்டிருந்தான், அடியில் பொறுமை என்று எழுதி. என் படிவம் அவன் கையில் இருக்கும்போதே போட்டான். எனக்கு ஏற்ற ஆள்.

இரண்டு நாள் கழித்து அஞ்சலை அக்கா அழைத்தார். அவர் மகன் பள்ளி வேன் ஓட்டுகிறவன், பள்ளியை மூடிவிட்டதால் வருமானம் நின்றுபோனது, வீட்டில் மூன்று பிள்ளைகள். "எனக்கு ஒரு அஞ்சாயிரம் வெள்ளி மட்டும் எடுத்துத் தாங்க கிராணி. நட்டமானாலும் பரவால்ல" என்றார். நட்டமானாலும் பரவாயில்லை என்று அவரே சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவசரப்படாதீங்கக்கா. நானே பொறுத்துக்கிட்டு இருக்கேன்ல." அவர் பொறுத்துக்கொண்டார். அடகுக் கடை திறந்ததும் குளுவாங்கில் போய்த் தன் இரட்டை வடச் சங்கிலியை வைத்தார். அவர் கணவர் ஆலை போனஸில் வாங்கிப் போட்ட சங்கிலி. ஆறு மாதத் தவணை. தவணை முடிகிற நேரத்தில் மறுபடியும் அழைத்து, இப்போதாவது விற்கலாமா என்று கேட்டார். "போட்டது முழுசா வரட்டும்கா, இன்னும் கொஞ்சம்" என்றேன். அந்த நேரத்தில் விலை ஏறி, அவர் போட்ட பணம் ஏறக்குறைய திரும்பி வந்திருந்தது. அது எனக்குத் தெரியாது. விற்றுவிட்ட பிறகு அந்தப் பக்கமே பார்க்கப் பிடிக்காமல் நான் பார்க்கவே இல்லை. படித்துச் சொல்லுங்கள் என்று அவர் கொடுத்துவிட்ட அறிக்கைக் கடிதத்தைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் போட்டிருந்தேன். தவணைக்குள் மீட்க முடியாமல் சங்கிலி முழுகிப் போனது.

என் பணத்துக்கு என்ன ஆனது என்று கேட்கிறாயா? அதையும் சொல்லித் தொலைக்கிறேன். மிஞ்சியதை வங்கியில் போட்டிருந்தாலாவது மனுஷன் என்று சொல்லலாம். விட்டதைச் சீக்கிரம் பிடித்துவிட வேண்டும் என்று வெறி. அப்போது கோப்பிக் கடையில் எல்லோர் வாயிலும் கையுறைக் கம்பெனிப் பங்குதான். நோய் இருக்கும்வரை ரப்பர் கையுறை விற்கும், விலை இன்னும் இரண்டு மடங்காகும் என்று, நேற்று வரை நான்கு நம்பர் லாட்டரி எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சந்தையைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். நானும் உட்கார்ந்து கேட்டேன். மேலே ஏறி நின்ற விலையில் வாங்கினேன். அதற்குப் பிறகு அது இறங்கிய வேகத்தை நீயே செய்தியில் பார்த்திருப்பாய். அடியில் விற்று உச்சியில் வாங்கினவன் உன் அப்பன். என் ஓய்வுப் பணத்தில் இன்று கால்வாசிக்கும் கீழேதான் இருக்கிறது. மாதாமாதம் அதிலிருந்து கிள்ளி எடுத்து, லாப ஈவு வந்தது என்று சொல்லி உன் அம்மா கையில் கொடுக்கிறேன். அவள் அதைச் சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுத்துச் செலவு செய்கிறாள்.

அந்த நான்கு பேர் போட்ட பணத்துக்கும் மறுவருடம் லாபமே வந்தது. கோயில் மறுபடி திறந்து திருவிழா நடந்தபோது, தலைவர் மைக்கைப் பிடித்து, நெருக்கடி நேரத்தில் நம் மக்களின் ஓய்வுக்காலப் பணத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர் என்று என்னைக் கூப்பிட்டு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார். பக்கத்தில் அவர் மருமகன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் என் கையைக் குலுக்கிக்கொண்டே காதருகில், "அங்கிள், நல்லா பேசினீங்க" என்றான். சீ என்று கையை உதறியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். கீழே இறங்கியதும் அஞ்சலை அக்கா வெறுங்கழுத்தோடு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சங்கிலி போனா போவுது. நீங்க சொன்னதாலதான் காசு நின்னுச்சு" என்றார். அந்தப் படத்தைத்தான் நீ உன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினாய். நான் தடுக்கவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று உன்னிடம் கேட்டதுகூட நினைவிருக்கிறது.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட "பா, ஸ்டேட்மெண்ட காட்டுங்க" என்று நீ கேட்டதில்லை. சிங்கப்பூர் கம்பெனியில் பத்துக் காசுச் செலவுக்கும் ரசீது வைக்கிற வேலை உனக்கு. வீட்டுக்கு வந்ததும் நீயும் தோட்டத்து ஆள் மாதிரி பெருவிரலை நீட்டுகிறாய். இனிமேல் பணத்தைப் பற்றி யார் என்ன அறிவுரை சொன்னாலும், அப்பன் ஆனாலும் சாமியார் ஆனாலும், அவனுடைய தாளை முதலில் கேள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடு.

அம்மாவின் பணத்துக்கு வருகிறேன். அது சேமநிதியிலேயே இருக்கட்டும். ஐம்பத்தைந்து ஆனால் எடுத்தே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எடுக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நம் ஆட்கள்தான் அன்றைக்கே வரிசையில் நின்று வழித்து எடுத்துக்கொண்டு வருகிறோம், எடுத்ததை எவனோ கழுத்துப் பட்டை கட்டியவனிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். அங்கேயே விட்டால் வருடாவருடம் ஈவு சேரும், வேண்டியபோது மாதம் இவ்வளவு என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வருடச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஆகிற பணத்தை மட்டும் அவள் பெயரில் வங்கியில் தனியாகப் போட்டுவை. சந்தை விழுகிற வருடத்தில் அரிசி வாங்குவதற்காக எதையும் விற்கிற நிலைமை அவளுக்கு வரக்கூடாது. அஞ்சலை அக்காவுக்கு வந்தது அதுதான். உனக்கு முப்பத்திரண்டு வயது, உன் பணம் விழுந்து எழுந்திருக்க இன்னும் இருபது வருடம் இருக்கிறது, நீ என்னவோ செய்துகொள். அவளுக்கு அந்த நேரம் இல்லை. மலிவு மலிவு என்று அவள் காசை வைத்து விளையாடாதே. சந்தை விழும்போது யார் எப்படிப்பட்டவன் என்று அவனுக்கே முன்கூட்டித் தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டு மூன்று நாள் அனுப்பாமல் இருந்தேன். அக்காவிடம் சொல்லாமல் உன்னிடம் சொல்வது சுலபமான வழி என்று உறுத்தியது. நேற்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், விற்றது, குரல் பதிவு, பிரிக்காத கடிதம், எல்லாவற்றையும். கீரை உருவுவதை அவர் நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு கேட்டார்.

"நீங்க வித்துட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் அஞ்சாயிரத்துக்கு வித்திருப்பேன். சங்கிலி இருந்திருக்கும். அப்படித்தானே?"

"ஆமாங்கக்கா."

"இத்தன வருசம் சொல்லாதத இப்ப எதுக்கு சொல்றீங்க?"

"வீட்டுல அவ சேமநிதிக் காசு வருது. அத என்கிட்ட குடுக்கச் சொல்லிப் பையன் சொல்றான். பயமா இருக்குக்கா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப உங்க வீட்டுக் காசுன்னு வந்தப்புறம்தான் உங்களுக்கு வாய் வந்திருக்கு" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. சங்கிலியின் விலையை என்னிடம் மிஞ்சியிருப்பதிலிருந்து கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், கதவு சாத்தியிருந்தது. கொடுக்கத்தான் போகிறேன். அவர் வாங்கிக்கொள்வாரா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவை உட்காரவைத்து இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், இந்தக் கடைசிப் பகுதி தவிர. அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. "மாசாமாசம் ஈவுன்னு குடுத்தீங்களே, அது?" என்று மட்டும் கேட்டாள். முதல்தான் என்றேன். எழுந்து போய் மேசையில் கிடந்த படிவத்தை நான்காக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "என் காசு இருக்கற எடத்துலயே இருக்கட்டும். பையன்கிட்ட நானே பேசிக்கிறேன்" என்றாள்.

இன்று காலை மின்சாரக் கட்டணச் சீட்டு வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டுக்கு வருகிற எந்தத் தாளும் நேராக என் கைக்குத்தான் வரும், அவள் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டாள். இன்று வாசலிலேயே நின்று அதைப் பிரித்தாள். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தாள். புரியாத ஓர் இடத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டாள். நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கேட்கவில்லை.

அவள் செய்தது சரி. நீயும் அப்படியே செய்.

அப்பா